மன்னில் இறங்கி மீளுதல்: ஆளேற்றிய பயணத்துக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்னும் கணினி விளையாட்டில் ஏவுதளம் கேர்பின் என்ற கோளின் மத்திய கோட்டை ஒட்டி, ஒரு நிலப்பரப்பின் கிழக்குக் கரையில் அமைந்திருக்கிறது. அதற்கு முன்னால் கடல் மட்டுமே உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்லடியிலோ பாசிக்குடாவிலோ பொத்துவிலிலோ வளர்ந்த ஒருவருக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை. சூரியனும் சந்திரனும் கடலுக்குள்ளிருந்து எழுவதைப் பார்த்தே நாம் கிழக்கைக் கற்றோம். கோள் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கு நோக்கி எழும் ரொக்கெட்டுக்கு அச்சுழற்சி செக்கனுக்கு ஏறத்தாழ 175 மீற்றர் வேகத்தைச் செலவின்றிக் கொடுக்கிறது. கழற்றிவிடப்படும் அடுக்குகளும் யார் தலையிலும் விழாமல் கடலில் விழுகின்றன.

இந்த விளையாட்டு 2011 இல் முதன்முதலாக வெளிவந்து, 2015 இல் முழுப் பதிப்பாகியது. 2023 இல் வந்த இரண்டாம் பாகம் முற்றுப்பெறாத நிலையில் இருப்பதால், இங்கே சொல்லப்படுவன யாவும் முதலாம் பாகத்துக்கே உரியவை. ஒரேயொரு விண்வெளி வீரரை மன் என்ற துணைக்கோளில் இறக்கி, உயிருடன் கேர்பினுக்குத் திரும்பக் கொண்டுவருவதே நமது நோக்கம். (‘மன்’ என்பது எழுத்துப்பிழை அன்று, அதன் பெயரே அதுதான்.) மின்மஸ் என்ற இரண்டாவது துணைக்கோளின் ஈர்ப்பு மன்னினுடையதில் மூன்றிலொரு பங்கைவிடக் குறைவு என்பதால், இறங்குவது மட்டுமே கேள்வியானால் அதுவே எளிது. ஆனால் அதன் ஒழுக்கு 6 பாகை சாய்ந்திருக்கிறது. ஒழுக்குத் தளத்தைத் திருத்தும் வேலையைப் புதியவர் முதற்பயணத்திலேயே தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

தொழில் முறை எனப்படும் ஆட்ட வகையில், கட்டடங்களை மேம்படுத்தும்வரை வரைபடத்தில் பயணத்தைத் திட்டமிடவும் முடியாது, வீரரை வேற்றுக்கோளில் வெளியே இறக்கவும் முடியாது. ஆகவே எல்லாப் பாகங்களும் திறந்திருக்கும் கட்டற்ற முறையில் தொடங்குங்கள். கலைச்சொற்களுக்கு நமது பௌதிகவியல் பாடநூலின் சொற்களையே எடுத்துக்கொள்கிறேன். ஒழுக்கு என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் சுற்றுப்பாதை என்று வாசித்துக்கொள்ளலாம். வேகங்களும் வேகமாற்றங்களும் இனி எல்லா இடத்திலும் செக்கனுக்கு மீற்றரில் தரப்படுகின்றன.

திரும்பும் வழியிலிருந்து கணக்கைத் தொடங்குதல்

கல்முனையில் சாதாரண தரம் படிக்கும் என் மருமகன் இந்த விளையாட்டைத் தொடங்கிய வாரத்திலேயே மன்னில் இறங்கிவிட்டான். கலம் நேராக நின்றது, கொடியும் நட்டாயிற்று, எரிபொருள் மட்டும் பூச்சியம். “மாமா, இறங்கினதே காணாதா?” என்று கேட்டான். காணாது என்பதுதான் இந்தக் கட்டுரை. மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர், வழியில் ஒரு பெற்றோல் நிலையமும் இல்லை என்று தெரிந்தால், போகும் தூரத்துக்கு மட்டும் எண்ணெய் அடிக்கமாட்டார். 2022 இல் வாரத்துக்கு 4 லீற்றர் பங்கீட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்: வீட்டுக்குத் திரும்புவதற்கான பங்கை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, மிச்சத்தில்தான் எங்கே போகலாம் என்று பார்க்க வேண்டும்.

விண்வெளியில் தூரத்துக்கு எண்ணெய் செலவாவதில்லை, வேகத்தை மாற்றுவதற்கே செலவாகிறது. ஒரு கலம் தன்னிடமுள்ள எரிபொருளைக் கொண்டு மொத்தமாக எவ்வளவு வேகமாற்றம் செய்ய இயலும் என்பதை டெல்டா-வீ என்கிறார்கள். பயணத்தின் கடைசியிலிருந்து பின்னோக்கி எழுதுவோம். மன்னின் தாழ் ஒழுக்கிலிருந்து கேர்பினுக்குத் திரும்ப 310 வேண்டும். அதற்குமுன் தரையிலிருந்து அந்த ஒழுக்குக்கு ஏற 580, அதற்குமுன் ஒழுக்கிலிருந்து தரைக்கு இறங்க 580, மன்னை அடைந்தவுடன் அதன் ஒழுக்கில் சிக்கிக்கொள்ள 310, கேர்பினின் தாழ் ஒழுக்கிலிருந்து மன்னை நோக்கிப் புறப்பட 860, ஏவுதளத்திலிருந்து கேர்பின் ஒழுக்குக்கு ஏற ஏறத்தாழ 3,400. மொத்தம் 6,040. கேர்பினில் வந்து இறங்குவதற்கு எதுவும் எழுதவில்லை. அங்கே 70 கிலோமீற்றர் உயரம்வரை வளிமண்டலம் இருக்கிறது, வேகத்தை அது தின்றுவிடும். மன்னில் வளிமண்டலம் இல்லை. அங்கே பரசூட் வெறும் சுமை. ஒவ்வொரு மீற்றர் வேகத்தையும் எஞ்சினால்தான் கொல்ல வேண்டும்.

இந்தத் தொகை நமது பூமிக்குப் பொருந்தாது. பூமியின் தாழ் ஒழுக்கில் நிற்பதற்கு மட்டும் செக்கனுக்கு 7,800 மீற்றர் அளவு வேகம் வேண்டும். 600 கிலோமீற்றர் ஆரையுள்ள கேர்பினில் 80 கிலோமீற்றர் உயரத்து ஒழுக்குக்கு 2,280 போதும். அப்பல்லோத் திட்டத்தில் தாய்க்கலத்தை ஒழுக்கில் விட்டுவிட்டுச் சிறிய இறங்குகலத்தை மட்டும் கீழே அனுப்பும் முறை 1962 இல் தேர்ந்தெடுக்கப்பட்டது, முழுக் கலத்தையும் இறக்கி ஏற்றினால் ரொக்கெட் கட்டுக்கடங்காமல் பெருத்துவிடும் என்பதனால்தான். விளையாட்டின் உலகம் சிறியதாகையால், ஒற்றைக் கலமாகப் போய் ஒற்றைக் கலமாக வருவதே புதியவருக்கு ஏற்றது. இரண்டு கலங்களை ஒழுக்கில் இணைக்கும் வித்தையை இறங்கப் பழகியபின் படிக்கலாம்.

கலத்தை மேலிருந்து கீழாகக் கட்டுதல்

மேலே மார்க் 1 ஓட்டுநர் கூடு. அதன் உச்சியில் ஒரு பரசூட், அடியில் 1.25 மீற்றர் வெப்பக் கவசம், அதற்குக் கீழே ஒரு பிரிகருவி. பிரிகருவிக்குக் கீழே எஃப்.எல்.ரி. 400 எரிபொருள் தாங்கி ஒன்றும் டெரியர் எஞ்சின் ஒன்றும் வரும். தாங்கியின் பக்கங்களில் நான்கு கால்களைப் பூட்டுங்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 4.2 தொன் வரும். அதில் 2 தொன் எரிபொருள்.

இது போதுமா என்பதைச் சியோல்கோவ்ஸ்கி 1903 இல் வெளியிட்ட சமன்பாடு சொல்லும். எஞ்சினின் தன்கணத்தாக்கை (எரிபொருளை அது எவ்வளவு சிக்கனமாக உதைப்பாக மாற்றுகிறது என்பதற்கான அளவு) 9.81 ஆல் பெருக்கி, அதனை நிறைந்த திணிவுக்கும் வெறுந்திணிவுக்கும் இடையிலான விகிதத்தின் இயற்கை மடக்கையால் பெருக்க வேண்டும். டெரியரின் தன்கணத்தாக்கு வெற்றிடத்தில் 345 செக்கன். 4.2 ஐ 2.2 ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் ஏறத்தாழ 0.64, விடை 2,150 ஐ ஒட்டி வரும். மன்னில் சிக்குவது, இறங்குவது, ஏறுவது, திரும்புவது ஆகிய நான்குக்கும் தேவை 1,780. ஆகவே முந்நூற்றுச் சொச்சம் கையில் மிஞ்சும். புதிய பதிப்புகளில் கட்டுமானத் திரையே இந்த எண்ணைக் காட்டிவிடுகிறது என்பது உண்மைதான். எனினும் ஒரு தடவையாவது கையால் கணக்கிட்டுப் பார்த்தவருக்கு, வெறுந்திணிவில் நூறு கிலோ கூடினால் என்ன ஆகும் என்பது விரலில் பதிந்துவிடும். அதன்பின் அவர் அழகுக்காக எதையும் ஒட்டமாட்டார்.

கால்களைப் பற்றி ஒரு சொல். புதியவர்கள் தாங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கமுக மரம்போல ஒல்லியான கலத்தை மன்னுக்கு அனுப்புகிறார்கள். அது விளையாட்டில் மட்டும் நடக்கும் தவறன்று. 2024 பெப்ரவரி 22 அன்று சந்திரனின் தென்முனைப் பக்கம் இறங்கிய உயரமான ஒடிசியஸ் கலம், பக்கவாட்டு வேகம் மிஞ்சியிருந்ததால் சாய்ந்துபோயிற்று. ஆளில்லாத கலம் சாய்ந்தும் சில நாள் வேலை செய்யலாம். ஆள் உள்ளே இருக்கும் கலம் சாய்ந்தால் அவர் வீட்டுக்கு வரமாட்டார். திணிவு மையம் தாழ்வாகவும், கால்களுக்கிடையிலான அகலம் கலத்தின் உயரத்துக்கு அண்ணளவாகவும் இருக்கட்டும். எஞ்சினின் வாய் கால்களைவிடக் கீழே நீண்டிருக்கிறதா என்பதையும் கட்டுமானத் திரையிலேயே கால்களை விரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் போகும் கலத்துக்குரிய சிறிய பொருட்கள் இனி. கூட்டின் கதவிலிருந்து கீழே இறங்க ஏணி, எதிரெதிர்ப் பக்கங்களில் சூரிய மின்தகடுகள், நிழலில் இறங்க நேர்ந்தால் உதவ ஒரு விளக்கு. விளையாட்டின் அடிப்படை வடிவில் வீரர்களுக்கு உணவோ காற்றோ தேவையில்லை. ஆனால் மின்சாரம் தீர்ந்தால் கலம் திரும்பாது. என் முதல் வெற்றிகரமான மன் பயணத்தில் வீரர் வலென்டினா எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுக் கேர்பின் வளிமண்டலத்துள் நுழைந்தபோதுதான், பரசூட் பூட்டவில்லை என்று கண்டேன். அன்றிலிருந்து நான் பரசூட்டை இரண்டாவது பாகமாகவே பூட்டுகிறேன். கூட்டுக்கு அடுத்தது அதுதான்.

இறங்குகலத்துக்குக் கீழே இன்னொரு பிரிகருவி, எஃப்.எல்.ரி. 800 தாங்கி ஒன்று, மறுபடியும் ஒரு டெரியர். இந்த அடுக்கு 1,900 அளவு டெல்டா-வீ கொடுக்கும்: கேர்பின் ஒழுக்கை முடிப்பதற்கும் மன்னுக்குப் புறப்படுவதற்குமாக. அதற்கும் கீழே பிரிகருவி, எஃப்.எல்.ரி. 800 தாங்கிகள் இரண்டு, சுவிவல் எஞ்சின் ஒன்று. சுவிவலால் மட்டும் இந்தப் பாரத்தைத் தரையிலிருந்து தூக்க முடியாது. ஆகவே பக்கத்துக்கொன்றாக இரண்டு தம்பர் திண்ம எரிபொருள் ரொக்கெட்டுகளைப் பக்கப் பிரிகருவிகளில் தொங்கவிடுங்கள். துணிவு குறைந்தவர் மூன்றாகவும் வைக்கலாம். மொத்தம் 35 தொன் அளவில் நிற்கும். அடியில் செட்டைகள் நான்கு வேண்டும். அம்புக்கு முனையில் பாரமும் வாலில் இறகும் இருப்பது எதற்காகவோ, இதுவும் அதற்காகவே.

கடைசியாக, வலது ஓரத்திலுள்ள அடுக்கு வரிசையைக் கீழிருந்து மேலாக வாய்விட்டு வாசியுங்கள்: தம்பரும் சுவிவலும் ஒன்றாக எரிய வேண்டும், தம்பர் கழல வேண்டும், சுவிவல் கழன்று டெரியர் எரிய வேண்டும், அதுவும் கழன்று இறங்குகலத்தின் டெரியர் எரிய வேண்டும், கூடு தனியே பிரிய வேண்டும், பரசூட் விரிய வேண்டும். விளையாட்டு தானாக அமைக்கும் வரிசையில் பரசூட் முதலாம் அடுக்கிலேயே எஞ்சினோடு சேர்ந்து விரிவதை நான் பலதடவை கண்டிருக்கிறேன்.

ஏவுதலும் ஒழுக்கும்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் பத்துத் தடவை முயன்றால் கை தானே பழகிவிடும். தரையில் உதைப்புக்கும் எடைக்குமுள்ள விகிதம் 1.3 இலிருந்து 1.7 வரை இருக்குமாறு தம்பர்களின் உதைப்பைக் கட்டுமானத்தின்போதே குறைத்துவையுங்கள். ‘ரி’ (T) எழுத்துப் பொத்தானை அழுத்தி நிலைநிறுத்தும் கருவியை இயக்கிவிட்டுப் புறப்படுங்கள். வேகம் 50 க்கும் 100 க்கும் இடையில் இருக்கும்போது மூக்கைக் கிழக்கே 5 முதல் 10 பாகைவரை சாய்த்து, அதன்பின் ரொக்கெட் தானாகவே வளைந்து செல்ல விடுங்கள். 10 கிலோமீற்றர் உயரத்தில் 45 பாகை சாய்வு என்பது நல்ல அடையாளம். வரைபடத் திரையில் ஒழுக்கின் உயர்புள்ளி 80 கிலோமீற்றரைத் தொட்டதும் எஞ்சினை நிறுத்தி மிதந்து சென்று, உயர்புள்ளியை அண்மிக்கும்போது அடிவானத்துக்குச் சமாந்தரமாக எரித்தால், தாழ்புள்ளியும் வளிமண்டலத்துக்கு மேலே எழுந்துவிடும். வேகம் 2,280 ஐ எட்டியிருந்தால் நீங்கள் ஒழுக்கில் இருக்கிறீர்கள். ஒரு சுற்றுக்கு 31 நிமிடம்.

மன்னுக்குப் புறப்படுவதற்குரிய முறையான வழி, வரைபடத் திரையில் ஒழுக்கின்மேல் ஒரு நகர்வுப் புள்ளி வைத்து, முன்திசை (கலம் ஓடும் திசை) கைப்பிடியை 860 வரை இழுத்து, பாதை மன்னைச் சந்திக்கும்வரை அப்புள்ளியை ஒழுக்கு வழியே நகர்த்துவதாகும். கணக்கில்லாத வழியொன்றும் உண்டு. நம்மூர்க்காரருக்கு அதுவே இயல்பாக வரும். தாழ் ஒழுக்கில் கிழக்கு நோக்கிச் சுற்றிக்கொண்டிருங்கள். பௌர்ணமியன்று கல்லடிக் கடற்கரையில் நின்று சந்திரன் கடல்விளிம்பில் முகம் காட்டும் கணத்தைக் காத்திருப்பதைப் போல, கேர்பினின் விளிம்பில் மன் எழும் கணத்தைக் காத்திருங்கள். அது விளிம்பைவிட்டு எழுந்தவுடன் முன்திசையில் முழு உதைப்போடு எரியுங்கள். மன் 12,000 கிலோமீற்றர் தொலைவில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அங்கே போய்ச் சேரும்போது அதுவும் அங்கே வந்திருக்கும். பாதையின் உயர்புள்ளி மன்னின் ஒழுக்கைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.

பயணத்துக்கு ஏறத்தாழ ஏழரை மணி நேரம் செல்லும். காலத்தை விரைவாக்கிக் கடக்கலாம். பாதிவழியில் சிறிதளவு எரித்து, மன்னருகிலான தாழ்புள்ளியை 15 முதல் 30 கிலோமீற்றர்வரை சரிசெய்யுங்கள். மன்னுக்கு முன்புறமாகச் சுற்றிவரும் பாதையைத் தேர்ந்தால், எஞ்சின் ஒன்றும் எரியாவிட்டாலும் அதன் ஈர்ப்பே கலத்தைக் கேர்பினை நோக்கித் திருப்பியனுப்பும். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 இன் தாங்கி வெடித்தபோது, அதன் வீரர்கள் செய்த முதற்காரியங்களுள் ஒன்று அத்தகைய பாதைக்கு மீண்டும் மாறியதுதான். தாழ்புள்ளியை அடைந்ததும் பின்திசையில், அதாவது ஓடும் திசைக்கு நேரெதிராக மூக்கைத் திருப்பி எரித்து, 15 கிலோமீற்றர் உயரத்தில் வட்ட ஒழுக்கொன்றில் அமருங்கள். மன்னின் மலைகள் 7 கிலோமீற்றர்வரை எழுகின்றன என்பதால், அதைவிடத் தாழ்ந்து பறப்பது விவேகமாகாது.

இறங்குதல்

இங்கே நிதானித்து வாசியுங்கள். 15 கிலோமீற்றர் உயரத்தில் கலத்தின் வேகம் 550. இந்த 550 உம் பக்கவாட்டு வேகம். கீழ்நோக்கிய வேகம் சிறிதும் இல்லை. ஆகவே இறங்குதல் என்ற வேலையின் பெரும்பகுதி விழுவதைத் தடுப்பதன்று, ஓடுவதை நிறுத்துவதாகும். புதியவர் பலர் உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்து, பக்கவாட்டு வேகத்தை மறந்து, கடைசிச் செக்கனில் கால் தடுக்கி உருளுகிறார்கள். வாவியில் தோணியைத் துறைக்குக் கொண்டுவருபவர் கரைக்கு வெகுமுன்பே சவள் வலிப்பதை நிறுத்திவிடுவார். துறையை முட்டும்போது நிறுத்தப் பார்ப்பவர் தோணியையும் துறையையும் உடைப்பார்.

முதலில் இடம். மத்திய கோட்டை ஒட்டி, பெரிய பள்ளங்களின் சமதளமான அடித்தரையில், காலைச் சூரியன் படும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்பல்லோப் பயணங்களும் சந்திரனின் காலை வேளையில், சூரியன் தாழ்ந்திருக்கையிலேயே இறங்கின. நீண்ட நிழல்களில்தான் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் பரப்பாகத் தோன்றும். உங்கள் கலத்தின் நிழலும் இறுதி நூறு மீற்றரில் ஓர் அளவுகோலாக உதவும்: நிழலும் கலமும் ஒன்றையொன்று நெருங்கும் வேகத்தில் தரையும் நெருங்குகிறது.

இறங்கத் தொடங்குமுன் ‘எஃப் 5’ ஐ அழுத்தி நிலையைச் சேமியுங்கள். இது கோழைத்தனம் என்று சொல்பவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். மின்சாரம் எந்த நேரமும் போகக்கூடிய ஊரில் இது வெறும் முன்யோசனை. உயரமானியைக் கடல்மட்ட அளவிலிருந்து தரைக்கு மேலான அளவுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால், 3,000 மீற்றர் என்று அது காட்டும்போது நீங்கள் ஒரு மலைமுகட்டில் மோதிக்கொண்டிருப்பீர்கள். திரையின் அடியில் கலத்தின் திசையைக் காட்டும் உருண்டையான திசைக்கோளத்தின் மேலுள்ள வேகக் கட்டத்தைச் சொடுக்கி, ஒழுக்கு வேகத்திலிருந்து தரைசார் வேகத்துக்கு மாற்றுவதும் அதேயளவு முக்கியம். எரிபொருள் மிஞ்சிய புறப்பாட்டு அடுக்கு இன்னும் ஒட்டியிருந்தால், முதல் எரிப்பை அதைக் கொண்டே செய்து, தீர்ந்ததும் கழற்றிவிடுங்கள்.

தேர்ந்த இடத்துக்குச் சற்று முன்பாகப் பின்திசையில் எரித்து, பாதையின் முனை அந்த இடத்தைச் சிறிது தாண்டித் தரையைத் தொடுமாறு செய்யுங்கள். நிலைநிறுத்தும் கருவியைப் பின்திசையில் பிடித்துவைத்து, இறங்க இறங்க விட்டுவிட்டு எரித்துக் கொண்டிருங்கள். ஓடும் வேகம் குறையக் குறைய, திசைக்கோளத்தில் பின்திசைக் குறி அடிவானத்திலிருந்து நீலப் பகுதியின் உச்சியை நோக்கி ஏறும். குறி உச்சிக்கு வந்துவிட்டால் பக்கவாட்டு வேகம் தீர்ந்தது, நேர்கீழாக இறங்குகிறீர்கள் என்று பொருள். உச்சிக்கு வராமல் ஒரு பக்கம் நின்றால் என்ன செய்வது? எரியும்போது பின்திசைக் குறி கலத்தின் மூக்கிலிருந்து விலகி ஓடும் தன்மையுடையது. ஆகவே குறிக்கு அப்பால், உச்சிக்கு எதிர்ப்பக்கத்தில் மூக்கைச் சாய்த்து எரித்தால், குறி உச்சியை நோக்கித் தள்ளப்படும். கோலூன்றித் தோணி தள்ளுபவர் போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தானே கோலைச் சாய்த்து ஊன்றுகிறார். கை அதைப் போலவே பழகும்.

வேகத்துக்கு நான் கைக்கொள்ளும் அளவுகள் இவை: தரைக்கு மேல் 5,000 மீற்றரில் 150 க்கு மேற்படாமல், 1,000 மீற்றரில் 50, 300 மீற்றரில் 20, 100 மீற்றரில் 8, தொடும்போது 3 க்குக் குறைவு. வல்லுநர்கள் கடைசிக் கணம்வரை விழவிட்டு ஒரே மூச்சில் எரித்து எரிபொருளை மிச்சம் பிடிப்பார்கள். அது சிக்கனமானது, ஆனால் அரைச் செக்கன் பிந்தினால் மன்னிப்பில்லை. நம்மிடம் முந்நூறு மீதி இருப்பது இதற்காகத்தான். இந்தச் சிறிய கலத்துக்கு டெரியர் அளவுக்கு மீறிப் பலமானது என்பதால், கடைசி ஆயிரம் மீற்றரில் அதன் உதைப்பு வரம்பை 40 வீதமாகக் குறைத்துவிடுங்கள். மெதுவாகத் தொடுவது எவ்வளவோ இலகுவாகும்.

ஒரு பொறியை மறக்காமல் சொல்ல வேண்டும். வேகம் 5 க்குக் கீழே வந்தபின்னும் பின்திசைப் பிடிப்பிலேயே இருந்தால், சற்று அதிகமாக எரித்த கணத்தில் கலம் மேலே எழத் தொடங்கும். உடனே பின்திசை என்பது கீழ்த்திசையாகிவிடும், கருவி கலத்தைத் தலைகீழாகத் திருப்பிவிடும். ஆகவே அந்த வேகத்தில் பின்திசைப் பிடிப்பை விட்டுச் சாதாரண நிலைநிறுத்தலுக்கு மாறி, மூக்கு நேர்மேலே நிற்க, உதைப்பைக் கூட்டியும் குறைத்தும் கடைசி மீற்றர்களைக் கடந்து, கால் தொட்டவுடன் ‘எக்ஸ்’ பொத்தானால் எஞ்சினை அணையுங்கள்.

கைவிடும் எல்லையையும் முன்கூட்டியே தீர்மானித்துவையுங்கள். திரும்பி ஏறவும் வீடு வரவும் தேவையான 890 க்கு, தாங்கியில் மூன்றிலொரு பங்கு எரிபொருள் வேண்டும். திட்டப்படி இறங்கினால் தரையில் பாதித்தாங்கி மிஞ்ச வேண்டும். தரையைத் தொடுமுன் மூன்றிலொன்றை நெருங்கிவிட்டீர்களானால், எவ்வளவு அருகில் இருந்தாலும் மூக்கைக் கிழக்கே சாய்த்து ஏறிவிடுங்கள்.

2019 செப்டெம்பரில் இந்தியாவின் முதலாவது விக்ரம் இறங்குகலம் சந்திரனில் மோதி நொறுங்கியது. 2023 ஓகஸ்ட் 23 மாலை 6.04 இற்கு, நமக்கும் அவர்களுக்கும் ஒரே நேரமாகையால் இங்கே கைபேசியைச் சுற்றி நாங்கள் கூடியிருந்தபோது, சந்திரயான் 3 மெத்தென்று இறங்கியது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் அதன் திட்டப் பணிப்பாளர். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் செய்த மாற்றங்கள் புதியவருக்கு நல்ல பாடம்: கால்களை வலுப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், நடுவிலிருந்த ஐந்தாவது எஞ்சினை நீக்கினார்கள், இறங்கும் இடத்தை அரைக் கிலோமீற்றர்ச் சதுரத்திலிருந்து 4 கிலோமீற்றருக்கு 2.4 கிலோமீற்றர் என்ற பரப்பாக விரித்தார்கள். குறியைச் சிறிதாக்குவதற்குப் பதிலாகத் தவறுவதற்கு இடம் வைத்தார்கள். நீங்களும் குறிப்பிட்ட ஒரு பாறையருகே இறங்க முயல வேண்டாம். பள்ளத்தின் அடித்தரை முழுவதும் உங்களுடையது.

வெளியே வருதலும் வீடு திரும்புதலும்

வீரரை வெளியே அனுப்பி, மண்ணெடுத்து, கொடி நட்டு, மீண்டும் கூட்டுக்குள் ஏற்றுங்கள். ஏணியை மறந்திருந்தால் ‘ஆர்’ பொத்தானை அழுத்தி முதுகிலுள்ள உந்துபையால் மிதந்து ஏறலாம்.

மூக்கை முதலில் நேர்மேலேயும் உடனே கிழக்கேயும் சாய்த்து ஏறுங்கள். காற்று இல்லாததால், முன்னாலுள்ள மேடுகளைத் தாண்டும் உயரம் கிடைத்தவுடனேயே நன்றாகச் சாயலாம். 15 கிலோமீற்றர் ஒழுக்கில் அமர்ந்தபின் நகர்வுப் புள்ளி வைத்து 310 அளவு முன்திசையில் இழுத்து, கலம் மன்னை விட்டு வெளியேறும் திசை, மன் கேர்பினைச் சுற்றி ஓடும் திசைக்கு நேர் பின்புறமாக அமையும்வரை புள்ளியை நகர்த்துங்கள். மன் 543 வேகத்தில் ஓடுகிறது. அதிலிருந்து பின்னோக்கிக் குதித்தால்தான் அந்த ஓட்டம் கழிந்து, கலம் கேர்பினை நோக்கி விழும். கேர்பினருகிலான தாழ்புள்ளி 30 கிலோமீற்றரில் நிற்கட்டும். மிகத் தாழ்ந்தால் வெப்பமும் அமர்முடுகலும் கடுமையாகும். மிக உயர்ந்தால் வளிமண்டலத்தை உரசிவிட்டு மறுபடி வெளியே போய்விடுவீர்கள்.

எஞ்சிய எரிபொருளை நுழைவதற்குச் சற்று முன்வரை வைத்திருந்து, தாழ்புள்ளியைத் திருத்தப் பயன்படுத்துங்கள். 70 கிலோமீற்றருக்கு மேலேயே கூட்டைப் பிரித்து, வெப்பக் கவசம் முன்னே நிற்குமாறு பின்திசையில் பிடியுங்கள். நுழையும் வேகம் 3,100 ஐத் தாண்டும்; கவசம் உருகிக் குறைவதைக் கண்டு பதற வேண்டாம், அதற்காகவே அது பூட்டப்பட்டது. வேகம் 250 க்குக் கீழே வந்து, பரசூட்டின் குறி பாதுகாப்பு நிறம் காட்டியபின் விரியுங்கள்.

இவ்வளவும் வாசித்தபின்னும் உங்கள் முதல் வீரர் மன்னில் எரிபொருளின்றி நிற்கக்கூடும். அவர் பசியால் சாகமாட்டார். எத்தனை மாதமும் காத்திருப்பார். மீட்புக்கு இதே ரொக்கெட் போதும்: கூட்டுக்கும் பரசூட்டுக்கும் இடையில் ஆளில்லாமல் இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றையும், செய்தித்தொடர்புக்கு ஓர் அலைவாங்கியையும் சேர்த்து, புறப்படுமுன் ஆசனத்திலிருந்து ஆளை நீக்கி வெறுமையாக்கி அனுப்புங்கள். அந்த வீரரிலிருந்து ஓரிரு கிலோமீற்றருக்குள் இறக்கினால் உந்துபையால் பறந்து வந்து ஏறிவிடுவார். என் மருமகனின் வீரர் அப்படித்தான் நான்காவது முயற்சியில் வீடு வந்தார். முதல் மூன்று மீட்புக் கலங்களும் அந்தக் கொடியைச் சுற்றிச் சாய்ந்து கிடக்கின்றன.